வானத்தில் 'சரி' என்று சொல்லக் கூடாது

தமிழில் 'சரி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடலாம். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் சரி, ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கும் சரி, அப்படியே செய்துவிடுகிறேன் என்பதற்கும் சரி, பேசியது போதும் போனை வை என்பதற்கும் சரி. குரலின் இழுப்பையும் முகத்தையும் பார்த்து இது எந்தச் 'சரி' என்று நாம் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்து 'ஓகே'யும் இதே ரகம்தான்.

விமானிக்கும் ஏடிசி எனப்படும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கும் நடுவே நடக்கும் ரேடியோப் பேச்சில் இந்த ஒற்றைச் சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள். 'ராஜர்' என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் கேட்டது, அவ்வளவுதான். செய்யப்போகிறேன் என்ற உறுதி அதில் கிடையாது. 'வில்கோ' என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். 'அஃபர்ம்' என்றால் ஆம். இதை 'அஃபர்மேட்டிவ்' என்று நீட்டக் கூடாது என்பது சர்வதேச வழக்கம். 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்கும் அதே வால் இருப்பதால், இரைச்சலில் முன்பாதி அமுங்கிப்போனால் ஆமாவா இல்லையா என்றே தெரியாது. 'ஸ்டாண்ட்பை' என்றால் காத்திருங்கள், நானே கூப்பிடுகிறேன்; அதை அனுமதியாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது, மறுப்பாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்னதைச் செய்ய முடியாவிட்டால் 'அனேபிள்'. காரணம் பிறகு சொல்லலாம்.

இந்த வாசகங்களை வகுத்து வைத்திருப்பது ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐசிஏஓ. இதைக் கேட்பவர்கள் பொதுவாக 'ஸ்குவாக்', 'ஃப்ளைட் லெவல்' மாதிரியான புரியாத சொற்களைப் பார்த்துத்தான் மிரளுவார்கள். அவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. வேறெங்கும் புழங்காத சொல்லுக்கு வேறு அர்த்தம் வர வழியில்லை. ஆளைக் கவிழ்த்தவை எல்லாம் வீட்டுக்குள் புழங்கும் சின்னச் சொற்கள்: ஓகே, டூ, ரெடி, நம்பர் ஒன்.

விமான வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த விபத்து அப்படிப்பட்டதுதான். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃப், லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவான கிரான் கனேரியாவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. ஓடுபாதைக்குப் போகும் பக்கவழியான டாக்ஸிவே முழுக்க விமானங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. புறப்பட வேண்டிய விமானம் ஓடுபாதையிலேயே எதிர்த்திசையில் கடைக்கோடி வரை ஊர்ந்து போய், அங்கே திரும்பி நின்றுதான் கிளம்ப முடியும். கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 அப்படிப் போய்த் திரும்பி நின்றது. பின்னாலேயே பான் ஆம் நிறுவனத்தின் 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கடும் மூடுபனி. ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் கண்ணுக்கு இருவருமே தெரியவில்லை. தரை ரேடார் கிடையாது. மூன்று தரப்பையும் இணைத்தது ரேடியோ மட்டும்தான்.

கேஎல்எம் துணை விமானி ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொன்னார்: டேக் ஆஃபுக்குத் தயார், வழித்தட அனுமதிக்குக் காத்திருக்கிறோம். இரண்டும் வெவ்வேறு அனுமதிகள். மேலே ஏறிய பிறகு எந்த வழியில், எந்த உயரத்தில் போவது என்பது ஒன்று. இப்போது ஓட ஆரம்பிக்கலாம் என்பது இன்னொன்று. கோபுரம் கொடுத்தது முதலாவதை மட்டும். ஆனால் அந்த வாசகத்துக்குள்ளேயே 'டேக் ஆஃபுக்குப் பிறகு வலப்பக்கம் திரும்பவும்' என்று ஒரு துண்டு இருந்தது. பணி நேர வரம்பு நெருங்குகிறது என்ற கவலையில் கேப்டன் ஏற்கெனவே அவசரத்தில் இருந்தார். துணை விமானி அனுமதியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் நகரத் தொடங்கிவிட்டது. அவர் கடைசியில் சேர்த்துக்கொண்ட வாக்கியம்: "வீ ஆர் நௌ அட் டேக் ஆஃப்."

இதற்கு என்ன அர்த்தம்? டேக் ஆஃப் செய்யும் இடத்தில் நிற்கிறோம் என்றா, டேக் ஆஃப் செய்துகொண்டிருக்கிறோம் என்றா? டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைக் கிட்டத்தட்ட இந்த அமைப்பில் சொல்வார்கள், ஆங்கிலத்தில் பேசும்போது அது உள்ளிருந்து எட்டிப்பார்த்தது என்றொரு விளக்கம் உண்டு. தமிழருக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது. "டேக் ஆஃப்ல இருக்கோம்" என்று நாம் சொன்னாலும் அதே குழப்பம்தானே.

கோபுரத்தில் இருந்தவர் முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். சுமார் இரண்டு நொடி இடைவெளி. அப்புறம், "ஸ்டாண்ட்பை ஃபார் டேக் ஆஃப், ஐ வில் கால் யூ." அதே நொடியில் பதறிப்போன பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் வந்துகொண்டிருக்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார். இரண்டு ஒலிபரப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. விமான ரேடியோ இன்றுவரை ஏஎம் முறையில் இயங்குகிறது. ஒரே அலைவரிசையில் இருவர் சேர்ந்து பேசினால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டும். 583 பேர் இறந்தார்கள்.

ஒரு சொல்லால் மட்டும் நடந்த விபத்து என்று இதைச் சுருக்கினால் அது தப்பு. பனி, நெரிசல், அவசரம், கேப்டனை எதிர்த்துப் பேசத் தயங்கிய காக்பிட் எல்லாம் அதில் உண்டு. அந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேஎல்எம் ஃப்ளைட் இன்ஜினியர் கடைசி நேரத்தில் கேட்கவும் செய்தார். அதற்குள் கேப்டன் மனதில் ஓடுபாதை காலியாகிவிட்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த விதி ஒற்றைச் சொல்லைக் குறிவைத்தது. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை ரேடியோவில் இரண்டே தருணங்களில்தான் உச்சரிக்கலாம்: ஓடத் தொடங்கலாம் என்று அனுமதி கொடுக்கும்போது, கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போது. மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்'. விமானி "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்பார். வழித்தட அனுமதி "ஆஃப்டர் டிபார்ச்சர்" என்று போகும். ஒரு சொல்லைப் பூட்டி வைத்து, சாவியை ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று சென்னையில் அது எப்படி ஒலிக்கும்? இண்டிகோ விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரேடியோவில் அந்த நிறுவனத்தை 'ஐஃப்ளை' என்று அழைப்பார்கள். எண்ணை நாமே 612 என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஓடுபாதை முனைக்கு வந்ததும் கோபுரம் சொல்லும்:

"ஐஃப்ளை சிக்ஸ் ஒன் டூ, ரன்வே டூ ஃபைஃப், லைன் அப் அண்ட் வெயிட்."

"லைன் அப் அண்ட் வெயிட், ரன்வே டூ ஃபைஃப், ஐஃப்ளை சிக்ஸ் ஒன் டூ."

ஓடுபாதைக்குள் நுழைந்து நேராக நில், கிளம்பாதே என்று பொருள். இதையே அமெரிக்கர்கள் வெகுகாலம் 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010 செப்டம்பர் 30-இல்தான் உலக வழக்கத்துக்கு மாறினார்கள். கொஞ்ச நேரம் கழித்து:

"ஐஃப்ளை சிக்ஸ் ஒன் டூ, விண்ட் டூ ட்ரீ ஜீரோ டிகிரீஸ், எய்ட் நாட்ஸ், ரன்வே டூ ஃபைஃப், க்ளியர்ட் ஃபார் டேக் ஆஃப்."

"ரன்வே டூ ஃபைஃப், க்ளியர்ட் ஃபார் டேக் ஆஃப், ஐஃப்ளை சிக்ஸ் ஒன் டூ."

கோபுரம் பேசும்போது விமானத்தின் பெயர் முதலில் வருகிறது, விமானி பதில் சொல்லும்போது கடைசியில். முதலில் வந்தால்தான் அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை விமானிகளில் யார் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியும். விமானியின் பதிலில் 'ராஜர்', 'ஓகே' என்று எதுவும் இல்லை என்பதையும் பாருங்கள். ஓடுபாதை எண், உயரம், திசை, வேகம், ஆல்டிமீட்டர் எனும் உயரமானியில் வைக்கும் அழுத்த அளவு, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பான்டர் குறியீடு, எந்த அனுமதியானாலும் அதன் வாசகம், இவற்றையெல்லாம் விமானி அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். இதற்கு 'ரீட்பேக்' என்று பெயர். ஓட்டலில் சர்வர் "ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி" என்று ஒப்பிப்பதைப் போலத்தான். ஒப்பிப்பதைவிட முக்கியம், ஒப்பிப்பதை நாம் கவனித்துக் கேட்பது. ரேடியோவில் அந்தப் பொறுப்பு ஏடிசியுடையது. தவறாகத் திருப்பிச் சொன்னால் "நெகட்டிவ்" என்று வெட்டி, சரியானதை மறுபடியும் சொல்ல வேண்டும்.

அந்தக் கவனம் ஒருமுறை தப்பியது கோலாலம்பூரில். 1989 பிப்ரவரி 19, சிங்கப்பூரிலிருந்து சுபாங் நிலையத்துக்கு வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல வேண்டிய கன்ட்ரோலர், "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார். இரண்டு என்ற 'டூ'வும், 'அந்த உயரத்துக்கு' என்ற பொருளில் வரும் 'டூ'வும் காதுக்கு ஒன்றுதான். விமானிகள் 400 அடிக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பியும் சொன்னார்கள். அந்தத் திருப்பிச் சொல்லலில் தவறு பட்டவர்த்தனமாக இருந்தது, யாரும் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி எச்சரித்ததையும் காக்பிட்டில் பொருட்படுத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள்.

முறைப்படி சொல்லியிருந்தால் 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்'. 'தவுசண்ட்' என்ற சொல் ஒன்று நடுவில் விழுந்திருந்தால் 400 என்று கேட்க வழியே இல்லை. பிரிட்டிஷ் விதியில் ஃப்ளைட் லெவலுக்கு, அதாவது நூறு நூறு அடியாக எண்ணிச் சொல்லும் உயரத்துக்கு, முன்னால் அந்த இரண்டாவது 'டூ'வையே போடக் கூடாது. 'ஒன் ஜீரோ ஜீரோ', 'ஒன் ஒன் ஜீரோ' இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலக் கேட்பதால் ஃப்ளைட் லெவல் 100-ஐ 'ஒன் ஹண்ட்ரட்' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் அடி வித்தியாசம். வானத்தில் அது இன்னொரு விமானம் பறக்கிற இடம்.

எண்கள் பொதுவாகவே வில்லங்கம் பிடித்தவை. 'ஃபைவ்', 'நைன்' இரண்டிலும் நடுவில் அதே 'ஐ' ஓசைதான், அதனால் ஒன்று 'ஃபைஃப்' ஆனது, மற்றது 'நைனர்' ஆனது. 'த்ரீ' என்பதில் உள்ள ஓசை உலகத்தில் பல மொழிக்காரர்கள் வாயில் நுழையாது என்று 'ட்ரீ' ஆக்கினார்கள். நமக்கு நன்றாகவே நுழையும், ஆனாலும் 'ட்ரீ'தான். போன் நம்பர் சொல்லும்போது நாம் "டபுள் எய்ட், ட்ரிபிள் நைன்" என்று அடுக்குவோமே, அந்தப் பழக்கத்தையும் இங்கே இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் எழுத்து வரிசையும் இப்படிச் சோதித்துத் திருத்தப்பட்டதுதான். இன்றைய வடிவம் 1956-இல் நடைமுறைக்கு வந்தது.

இதுவரை சொன்னது, பேசியது தவறாகக் கேட்ட கதை. பேச வேண்டியதைப் பேசாமல் விட்ட கதை இன்னொன்று. என் கணக்கில் அதுதான் நமக்கு நெருக்கமானது.

1990 ஜனவரி 25, கொலம்பியாவின் அவியாங்கா 52 நியூயார்க்குக்கு வந்துகொண்டிருந்தது. வானிலை மோசம். வழியில் மூன்று இடங்களில் மொத்தம் ஒன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் வட்டமடிக்க வைத்தார்கள். எரிபொருள் கரைந்துகொண்டே வந்தது. காக்பிட்டுக்குள் பேச்சு ஸ்பானிஷில். ஏடிசியோடு ஆங்கிலத்தில் பேசியது துணை விமானி. அவர் 'ப்ரையாரிட்டி' வேண்டும் என்று சொன்னார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே ஏறிய பிறகு, அவசரநிலை என்று சொல்லு என்று கேப்டன் அவரிடம் சொன்னார். அப்போதும் 'எமர்ஜென்சி' என்ற சொல்லோ, 'மேடே' என்ற அபாய அழைப்போ ரேடியோவில் ஏறவே இல்லை. பதினைந்து மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்பி அழைத்து வருகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது பரவாயில்லையா என்று கன்ட்ரோலர் கேட்டார். "ஐ கெஸ் சோ, தேங்க் யூ வெரி மச்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் நான்கு இன்ஜினும் நின்று, லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விமானம் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

"பரவாயில்லை சார், பார்த்துக்கலாம்" என்று பெரிய ஆபீசரிடம் பேசிப் பழகியவர்களுக்கு அந்தத் துணை விமானியின் குரல் அந்நியமாகத் தோன்றாது. கன்ட்ரோலர் பக்கமும் நியாயம் உண்டு. அந்த ராத்திரி எல்லா விமானமும் எரிபொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. யார் முணுமுணுக்கிறார்கள், யார் சாகப்போகிறார்கள் என்று குரலை வைத்துக் கண்டுபிடிப்பது அவர் வேலையாக இருக்க முடியாது. 'மேடே' என்ற சொல் இருப்பதே அந்தக் கண்டுபிடிப்பு வேலையை ஒழிப்பதற்குத்தான். 1920-களில் லண்டனின் குரோய்டன் நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்ட், பாரிஸ் விமானிகளுக்கும் புரியட்டும் என்று பிரெஞ்சிலிருந்து உருவாக்கியது. மூன்று முறை சொன்னால் மற்ற எல்லாப் பேச்சும் ஒதுங்க வேண்டும். அதற்கு ஒரு படி கீழே 'பான் பான்', அதுவும் மூன்று முறை. எரிபொருளுக்கென்றே 2012-இல் ஐசிஏஓ தனி ஏற்பாடு செய்தது. 'மினிமம் ஃப்யூவல்' என்றால் இன்னும் அவசரநிலை வரவில்லை, ஆனால் இனிமேல் தாமதம் தாங்காது. அதையும் தாண்டினால் 'மேடே, மேடே, மேடே, ஃப்யூவல்'. 'ப்ரையாரிட்டி' என்ற மழுப்பலுக்கு வேலை இல்லாமல் போனது.

இந்திய வானத்தின் பெரிய பாடம் 1996 நவம்பர் 12, அரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவுதியா 747, டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76. ஏறவும் இறங்கவும் ஒரே வழித்தடம். சவுதியா 14,000 அடியில் நிற்க வேண்டும், கஜக் விமானம் 15,000-இல். எதிரே 747 வருகிறது என்று கஜக் விமானத்துக்கு எச்சரிக்கையும் போனது. இருந்தும் அது 15,000-க்குக் கீழே இறங்கியது. 349 பேர், இரு விமானத்திலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கஜக் காக்பிட்டில் ஏடிசியோடு ஆங்கிலத்தில் பேசியவர் விமானத்தை ஓட்டியவர் இல்லை, ரேடியோ ஆபரேட்டர். டெல்லியில் அப்போது இருந்த ரேடார் உயரத்தைக் காட்டாது. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்கு விமானத்திலிருந்து வரும் சொல்தான் ஒரே ஆதாரம். ரீட்பேக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சொன்னவரின் சொல் ஓட்டுபவரின் கைக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அது பயன்படாது. அதன் பிறகு இந்தியா ஏறுவழியையும் இறங்குவழியையும் பிரித்தது. மோதலைத் தடுக்கும் டிகாஸ் கருவியைக் கட்டாயமாக்கியது.

சர்க்கி தாத்ரி, அவியாங்கா மாதிரியான விபத்துகளை முன்னிட்டுத்தான் ஐசிஏஓ ஆங்கிலத் தேர்ச்சி நிலைகளைக் கொண்டுவந்தது. ஆறு நிலைகள். சர்வதேசப் போக்குவரத்தில் இருக்கும் விமானியும் கன்ட்ரோலரும் குறைந்தது நான்காவது நிலையில் இருக்க வேண்டும் என்பது 2008 மார்ச் 5 முதல் நடைமுறை. வகுத்த வாசகங்கள் இருக்கும்போது ஆங்கிலத் தேர்வு எதற்கு என்று கேட்கலாம். பயணிக்கு மாரடைப்பு, சக்கரம் இறங்கவில்லை, காக்பிட்டில் புகை, இதற்கெல்லாம் வாசகம் எழுதி வைக்க முடியாது. அப்போது சாதாரண மொழிக்குத்தான் இறங்க வேண்டும். இதில் ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வாசகத்தை விட்டு விலகி, தங்கள் ஊர் மொழியில் வேகமாகப் பேசி மற்றவர்களைத் திணறடிப்பது அவர்கள்மேல் அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு.

இத்தனைக்குப் பிறகும் சின்னச் சொற்கள் விடுவதாக இல்லை. 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா. நிலநடுக்க நிவாரணப் பொருட்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்குக் கோபுரம் சொன்னது, 'நம்பர் ஒன், ஹோல்டிங் பாயிண்ட் சி5-க்குப் போகவும்'. ஹோல்டிங் பாயிண்ட் என்பது ஓடுபாதைக்கு வெளியே நிற்க வேண்டிய இடம்; 'நம்பர் ஒன்' என்பது புறப்படும் வரிசையில் நீங்கள் முதல் ஆள் என்ற தகவல்தான். விமானி அதைச் சரியாகத் திருப்பியும் சொன்னார். ஆனால் ஓடுபாதைக்குள் போகலாம் என்று மனதில் எடுத்துக்கொண்டு, உள்ளே போய் நின்றார். இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து வெளியேறினார்கள்; சிறிய விமானத்தில் ஆறில் ஐந்து பேர் இறந்தார்கள். அதையடுத்து ஜப்பான் அந்த 'நம்பர் ஒன்' வரிசைத் தகவலைச் சொல்வதையே சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது.

குரலே இல்லாமல் எழுத்தில் அனுப்பிவிட்டால் என்ன? கடல்மேல் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. சென்னைக் கட்டுப்பாட்டுப் பகுதி வங்காள விரிகுடாவில் வெகுதூரம் நீள்கிறது. வழக்கமான விஎச்எஃப் ரேடியோ எட்டாத அந்த நீர்ப்பரப்பில், வெகுதூரம் எட்டினாலும் கரகரக்கும் எச்எஃப் ரேடியோவை நம்பி இருந்த காலம் போய், சிபிடிஎல்சி என்ற முறையில் ஏடிசியின் ஆணை காக்பிட் திரையில் எழுத்தாகவே வருகிறது. 2,400-ஐ யாரும் 400 என்று படிக்கப்போவதில்லை. ஆனால் அனுப்பி, படித்து, பதில் போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஆயிரம் மைல் கடலுக்கு அது போதும். தரையிறங்க சில நூறு அடி இருக்கும்போது ஓடுபாதையில் இன்னொரு விமானம் நிற்பது தெரிந்தால், கோபுரத்தில் இருப்பவர் தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது. பொத்தானை அழுத்தி, விமானத்தின் பெயரைச் சொல்லி, "கோ அரவுண்ட்" என்பார்; இறங்காமல் மறுபடி மேலே ஏறு என்று பொருள். இரண்டு நொடிகூட ஆகாது.